மெஸ்

மெஸ் (பெயர்ச்சொல்): வீட்டுப் பக்குவத்தில் சாப்பாடோ டிபனோ போடும் சிறிய உணவகம், விடுதியின் சாப்பாட்டுக்கூடம்.

'அனுப்பு, வை' எனப் பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்த சொல். முதலில் பந்தியில் வைத்த பதார்த்தம்; பிறகு சேர்ந்து உண்ணும் குழு; அதன்பின் படைவீரர்களின் உணவுக்கூடம். கண்டதையும் கலந்த தீனி என்ற பொருளும் ஒட்டிக்கொள்ள, 19-ஆம் நூற்றாண்டில் 'அலங்கோலம்' என்றும் ஆனது.

சென்னை எடுத்துக்கொண்டது சோற்றுப் பொருளை. மயிலாப்பூரில் கெட்டிச் சட்னிக்குப் பேர்போன ராயர் மெஸ், கற்பகாம்பாள் மெஸ். திருவல்லிக்கேணியில் காசி விநாயகா மெஸ். மாணவர் வாயில் 'மெஸ் பில்'. அலங்கோலத்துக்கு 'அப்' சேரவேண்டும்: "எல்லாம் மெஸ்ஸப் ஆயிடுச்சு."