குடைந்த துளையும் வளர்ந்த துளையும்

துளைக்குள் ஒரு மூலக்கூறு நுழைந்ததும் எதிரொளிக்கும் நிறத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளும் ஒளியியல் உணரிகளுக்கு இரண்டு பொருள்கள் நெடுநாளாகப் போட்டியிடுகின்றன: நுண்துளைச் சிலிக்கான், நுண்துளை அலுமினா. இரண்டும் அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாக நின்று துளை பெறுபவை. இரண்டிலும் துளை ஒளியின் அலைநீளத்தைவிட மிகக் குறுகியது. ஆகவே ஒளி துளைகளைத் தனித்தனியே பிரித்தறிவதில்லை, திடமும் வெற்றிடமும் கலந்த சராசரி ஒளிவிலகல் எண்ணையே உணர்கிறது. ஒரே குடும்பம் என்று சொல்லத் தோன்றும். துளை பிறக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டங்காண்கிறது.

சிலிக்கானில் துளை என்பது இழப்பு. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் படிகத்தைக் கரைத்தபடி இறங்க, எஞ்சும் சுவர் பழைய படிகமாகவே நிற்கிறது. அலுமினாவில் துளை வளர்ச்சியோடு சேர்ந்தே வருவது. அலுமினியம் ஆக்சைடாகிறது, அந்த ஆக்சைடு துளையடியிலிருந்து பக்கங்களுக்கு வழிந்து சுவராக எழுகிறது. டங்ஸ்டன் அடுக்கொன்றை அடையாளமாகப் புதைத்து இந்த நகர்வை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். முன்னது செதுக்கிய சிற்பம், பின்னது வளர்ந்த உடல்.

வரலாற்றிலும் இவை எதிரெதிர்த் திசையிலிருந்தே வந்தன. 1956-இல் பெல் ஆய்வகத்தில் சிலிக்கானை மின்முறையில் மெருகேற்ற முயன்றபோது, மெருகுக்குப் பதிலாக ஒரு படலம் படிந்தது. அது வேண்டாத விருந்தாளி. அலுமினிய ஆக்சைடோ 1923-இல் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் கடல் விமானங்களின் டியூராலுமின் என்னும் அலுமினியக் கலவையைக் காக்க விரும்பி உருவாக்கிய கவசம். ஆனால் கவசத்திலும் துளை ஒரு குறைதான். இன்றும் அலுமினியத்துக்கு இந்தக் கவசமிடும் ஆனடைசிங் பட்டறைகளில் வேலை முடிந்ததும் கொதிநீரில் இட்டுத் துளைகளை அடைக்கிறார்கள். உணரி செய்பவர் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார்.

கட்டுப்படுத்தும் கருவியும் வேறு. சிலிக்கானில் மின்னோட்டத்தைக் கூட்டினால் துளைமை கூடும். அலுமினாவில் துளைகளுக்கிடையேயான தூரத்தை மின்னழுத்தமே தீர்மானிக்கிறது, ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2.5 நானோமீட்டர். மசுதாவும் ஃபுகுதாவும் 1995-இல் ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட்டில் பெற்ற ஒழுங்கான தேன்கூட்டில் அந்த இடைவெளி 100 நானோமீட்டர். சிலிக்கானின் துளைகள் பெரும்பாலும் இத்தகைய ஒழுங்கை அறியாதவை. ஆனால் உணரிக்கு வேண்டியது பக்கவாட்டு ஒழுங்கன்று, ஆழத்தின் ஒழுங்கு.

எனக்குப் பெருவியப்பளிக்கும் உறவு அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. இரண்டிலும் துளையின் அடிமுனையே வேலை நடக்கும் இடம். அதனால் நேரம் ஆழமாக மாறுகிறது: மின்சாரத்தை அலைபோல் ஏற்றி இறக்கினால், ஒளிவிலகல் எண்ணும் ஆழத்தில் அலைபோல் ஏறி இறங்கும். அந்த அலையின் நீளமே எதிரொளிக்கும் நிறம். மின்வழங்கியில் எழுதிய நிரல் ஒளியியல் கட்டமைப்பாக உறைந்துவிடுகிறது.

ஆனால் எழுதியதைக் காப்பதில் சிலிக்கான் நேர்மையானது. அரிப்புக்கு வேண்டிய மின்துளைகள் (நேர்மின்னூட்டத் தாங்கிகள்) சுவர்களில் தீர்ந்துவிடுவதால், முடிந்த அடுக்கை அடுத்த மின்னோட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. அலுமினாவில் மேலடுக்குகளை அமிலம் ஓசையின்றி அகலப்படுத்திக்கொண்டே இருக்கும். மின்னழுத்தத்தைத் திடீரென்று இறக்கினாலோ, துளையடியின் தடுப்புப் படலம் மெலியும்வரை மின்னோட்டம் சுணங்கி நிற்கும். குளிர்ந்த தொட்டியும் பொறுமையான துடிப்புகளும் இங்கே தேவைப்படுவது அதனால்தான்.

ஒளிவிலகல் எண்ணில் சிலிக்கான் 3.5-ஐ ஒட்டியது, அலுமினா 1.7-ஐ ஒட்டியது. எனவே சிலிக்கானில் சில அடுக்குகளே பளிச்சென்ற நிறம் தரும். அலுமினாவுக்குப் பல அடுக்குகள் வேண்டும், குறுக்கீட்டுப் பட்டைகளைத் தெளிவாக்க மேலே மெல்லிய தங்கப் பூச்சும் சேர்ப்பதுண்டு. போட்டி இங்கேயே முடிந்ததாகத் தோன்றும். தண்ணீரில் இறக்கிப் பார்த்தால்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. புதிதாகச் செய்த சிலிக்கான் நீரில் ஆக்சிஜனேற்றம் அடைய, எந்த மூலக்கூறும் வராமலேயே நிறம் நீலத்தை நோக்கி நழுவுகிறது. அதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று, முன்கூட்டியே சூடேற்றிச் சுவர்களை ஆக்சைடாக்கிவிடுவது. அப்போது ஒளிவிலகல் எண் இறங்குகிறது. பரப்பில் ஹைட்ராக்சில் குழுக்கள் அமைகின்றன. சிலேன் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. அலுமினா பிறவியிலேயே பெற்றிருந்த நிலைக்குச் சிலிக்கான் சுற்றுவழியில் வந்துசேர்கிறது. தன் சிறப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தே அது நிலைபேறு பெறுகிறது.

கரைவதையும் வெறும் குறையாக எண்ண வேண்டியதில்லை. உடல்திரவத்தை ஒத்த கரைசலில் நுண்துளைச் சிலிக்கானின் நடத்தையை லீ கேன்ஹாம் 1995-இல் வெளியிட்டபின், உடலுக்குள் சில காலம் பணிசெய்து மறையும் பொருளாக அது மதிப்புப் பெற்றது. டிஎன்ஏ இழைகள் இணையும்போது அரிப்பு வேகமடைவதையே சைகையாக எடுத்துக்கொண்ட ஆய்வுகளும் உண்டு. அலுமினாவும் வலுவான அமிலத்திலும் காரத்திலும் கரையக்கூடியதே. நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்துத் துளைகளை விரித்து, நிறத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்துவது அங்கே அன்றாட வழக்கம். ஆற்றுநீரில் நாட்கணக்கில் மூழ்கியிருக்க வேண்டிய உணரிக்கு நான் அலுமினாவையே எடுப்பேன். உடலுக்குள் போய்த் திரும்பி வரவேண்டாத ஒன்றுக்குச் சிலிக்கானை.

இரண்டுக்கும் பொதுவான தடை துளையின் அடைபட்ட அடிப்பகுதி. பெரிய புரதம் அந்த ஒற்றைவழிச் சந்தில் பரவிச் செல்ல நெடுநேரம் ஆகிறது. இரண்டையும் அடித்தளத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும்: சிலிக்கான் படலத்தை வலுவான மின்துடிப்பு ஒன்று கழற்றிவிடும், அலுமினாவின் கீழிருக்கும் உலோகத்தைக் கரைத்து, தடுப்புப் படலத்தையும் அரித்தால் இருபுறமும் திறந்த சவ்வு கிடைக்கும். அத்தகைய அலுமினா சவ்வு ஆய்வகங்களில் வடிகட்டியாக ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. அதன் ஊடே மாதிரித் திரவத்தைச் செலுத்தும்போது, மூலக்கூறு தானாகப் பரவி வரும்வரை உணரி காத்திருக்க வேண்டியதில்லை.