ஐந்தாம் படிவம் பிறந்த கதை

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் ஆலத்தூர் மருந்து ஆலைகளிலும் மறைமலைநகர்த் தொழிற்பேட்டையிலும் ஒரு தாளை நிரப்பும் அவசரம் தொற்றிக்கொள்ளும். ஆலைக்காரர்களும் கன்சல்டன்ட்களும் அதை ‘ஃபார்ம் ஃபைவ்’ என்பார்கள். விதிப்புத்தகத்தில் அதன் பெயர் சுற்றுச்சூழல் அறிக்கை. மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஆலை எவ்வளவு தண்ணீர் எடுத்தது, என்னென்ன மூலப்பொருள் வாங்கியது, புகைபோக்கி வழியாகவும் கழிவுநீர் வழியாகவும் என்ன வெளியேறியது, அபாயக் கழிவு எங்கே போனது என்று எழுதி, செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சேர்த்துவிட வேண்டும். மாமல்லபுரம் வட்டாரத்தில் எந்தப் புகைபோக்கியிலிருந்து என்ன வருகிறது என்பதற்கு ஆண்டுதோறும் எழுதப்படும் கணக்கு அதுதான்.

இந்தத் தாளின் கதையைப் பாதரசத்தை வைத்துச் சொல்வதே பொருத்தம். மற்ற எந்த விஷத்தையும்விடப் பாதரசம்தான் கணக்குப்பிள்ளையைத் திண்டாட வைக்கும். அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும். தரையில் சிந்திய மணிகள் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு நிறமும் மணமும் இல்லாமல் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். அப்படிக் கலந்தது மாதக்கணக்கில் காற்றில் சுற்றி, நாடு தாண்டிப் போய், எங்கோ ஒரு ஏரியில் இறங்கி, மீனுக்குள் ஏறும். இதைப் பிடிக்க ஒரே வழி மளிகைக்கடைக்காரர் சரக்குக்குப் போடும் கணக்கு. வாங்கியது எவ்வளவு, பொருளோடு போனது எவ்வளவு, கழிவில் இருப்பது எவ்வளவு? மூன்றும் பொருந்தாவிட்டால், குறைகிற பங்கில் பெரும்பகுதி காற்றுக்குப் போயிருக்க வேண்டும்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அந்த இரவிலிருந்து இரண்டு நாடுகளில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. இரண்டும் 1986-ஆம் ஆண்டுச் சட்டங்கள். இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அமெரிக்காவில், எந்த ஆலை எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றுகிறது என்று ஊர் மக்களுக்குத் தெரிவிக்கும் சட்டம். அங்கே 1987-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்கி, ஆலையின் பெயரோடும் எடையோடும் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறியது. பிறகு பாதரசத்துக்குத் தனிக் கண்டிப்பு வந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து, வருடத்துக்கு 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ பாதரசத்தைக் கையாளும் ஆலைகூட அந்தப் பதிவேட்டில் கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

செத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் சாவிலிருந்து பிறந்த பதிவேட்டைத் திறந்து பார்க்கும் வசதியோ முதலில் இன்னொரு நாட்டு மக்களுக்குத்தான் கிடைத்தது. இதை எழுதும்போது மனம் ஆறவில்லை.

இங்கே கணக்கு கேட்க இன்னும் சில வருடங்கள் ஆயின. 1992 பிப்ரவரியில் மத்திய அரசு மாசுக் குறைப்புக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. மார்ச் 13-ஆம் தேதி சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 14-ஆம் விதி சேர்ந்தது, அதோடு படிவம் ஐந்தும் பிறந்தது. அப்போது அதற்குச் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கை என்று பெயர். அடுத்த வருடமே ‘தணிக்கை’ போய்விட்டது. வெளியாள் வந்து சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதற்குள் இல்லை. ஆலையே எழுதி, ஆலையே கையெழுத்துப் போட்டு, வாரியத்துக்கு அனுப்பும் தாளாக அது நிலைத்தது. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இவற்றின் கீழ் ‘கன்சென்ட்’ என்னும் வாரிய இசைவு வாங்கும் ஆலைகளும் அபாயக் கழிவு அனுமதி வாங்கும் ஆலைகளும் இதைத் தர வேண்டும்.

படிவத்தின் ‘சி’ பகுதிதான் உயிர்நாடி. மாசுப்பொருளின் பெயர், ஒரு நாளைக்கு எவ்வளவு எடை வெளியேறியது, அதன் அடர்வு என்ன, வரம்பிலிருந்து எத்தனை சதவீதம் விலகியது, ஏன் விலகியது என்று கட்டங்கள். நீருக்குத் தனி வரிசை, காற்றுக்குத் தனி வரிசை. காரணம் கேட்கும் கட்டத்தை யோசித்தவர் நல்ல அதிகாரியாகத்தான் இருந்திருப்பார்; எண்ணை மட்டும் கேட்டால் ஆலை எண்ணோடு நிறுத்திவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே பகுதியின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. கன்சென்டில் குறிப்பிட்ட மாசுப்பொருள்களுக்கு மட்டும்தான் கணக்கு. பாய்லர் வைத்திருக்கும் சாதாரண ஆலையின் கன்சென்டில் தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு இருக்கும். நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு பாதரசம் உண்டு, எரிக்கும்போது அது புகையோடு போகும். கன்சென்டில் பாதரசம் என்ற பெயர் இல்லையென்றால் படிவத்திலும் இருக்காது.

இப்படி ஒரு தாள் நடைமுறைக்கு வந்து ஒன்பது வருடம் ஆன பிறகுதான் கொடைக்கானல் விவகாரம் வெடித்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்து வந்த வெப்பமானி ஆலை 1980-களின் தொடக்கத்தில் அங்கே அமைந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் காட்டிக்கொடுத்தார்கள். அந்த மாதமே உற்பத்தி நின்றது. எந்தப் படிவமும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாங்கிய பாதரசம் எவ்வளவு, வெப்பமானிகளோடு ஏற்றுமதியானது எவ்வளவு, சோலைக்காட்டில் இறங்கியது எவ்வளவு, காற்றில் போனது எவ்வளவு என்று ஆலோசகர்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதெல்லாம் ஆலை மூடிய பிறகுதான். 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் கையெழுத்தானது.

காற்றில் போனதற்கு ஆலைக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தது: மரத்தில் படரும் பாசி. பாசிக்கு மண்ணில் வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் கொடைக்கானல் ஏரிக்கரை மரங்களிலிருந்தும், ஆலையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள பேரிஜம் ஏரிக்கரை மரங்களிலிருந்தும் பாசியை எடுத்துச் சோதித்தார்கள். கொடைக்கானல் பாசியில் பாதரசம் பலமடங்கு. ஏரித் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் அவர்கள் பாதரசத்தைக் கண்டார்கள். 2006-ல் அந்த ஏரி ஆய்வு வெளிவந்தது.

பேரிஜம் பாசியை ஒப்பிட எடுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. ஆலை வருவதற்கு முன் கொடைக்கானல் காற்றில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்று ஒருவரும் அளந்து வைக்கவில்லை. அதே 1980-களின் தொடக்கத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், கல்பாக்கத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே முதல் அணு உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சுற்றுச்சூழல் ஆய்வகம் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தின் பால், மீன், கடல்நீர், காற்று இவற்றில் கதிரியக்கம் எவ்வளவு என்று முன்கூட்டியே பதிந்து வைத்தார்கள். உலையைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, பிறகு வரும் எந்த எண்ணையும் ஒப்பிட அங்கே ஒரு பழைய எண் இருக்கிறது. அணு உலைக்குச் செய்ய முடிந்ததை வெப்பமானி ஆலைக்கும் செய்திருக்க முடியும். யாரும் கேட்கவில்லை.

கணக்கு எழுதச் சொன்னாலே எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பாதரசத்தைப் பயன்படுத்திக் காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிக்கும் ஆலைகளுக்கு அமெரிக்கா 1973-லேயே ஒரு நாளைக்கு 2,300 கிராம் என்று வரம்பு வைத்தது. உற்பத்திக் கூடத்தின் காற்றை அளப்பது கடினம் என்பதால், சுத்தமாகப் பராமரிக்கும் ஆலை அங்கிருந்து நாளைக்கு 1,300 கிராம் விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் கொடுத்தது. அளக்காத எண் அப்படியே முப்பது வருடம் ஓடியது. 2000-ஆம் ஆண்டில் அந்த ஆலைகள் வாங்கியதற்கும் கணக்கில் காட்டியதற்கும் சுமார் 65 டன் வித்தியாசம் வந்தது. அது எங்கே போனது என்பது புதிராகவே இருப்பதாக அந்நாட்டு அரசே 2003-ல் எழுதியது. அதன் பிறகுதான் தரையில் பாதரசம் தேங்கியிருக்கிறதா என்று அரைநாளுக்கொரு முறை பார்த்துக் குறிக்க வேண்டும், பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயங்கள் வந்தன.

இந்தியாவும் அதே 2003-ல் இப்படிப்பட்ட ஆலைகளுக்கு ஒரு டன் உற்பத்திக்கு 50 கிராம் பாதரசம் என்று இலக்கு வைத்தது. நிலக்கரி மின்நிலையங்களின் புகைக்குப் பாதரச வரம்பு 2015 டிசம்பர் 7-ஆம் தேதி அறிவிக்கையில்தான் முதல்முறையாக வந்தது: கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம். 2018 ஜூனில் பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. மின்நிலையம், தொழிற்சாலை பாய்லர், உலோக உருக்காலை, குப்பை எரிப்பு நிலையம், சிமென்ட் ஆலை என ஐந்து வகைக் காற்று மூலங்களுக்கும் நாட்டளவில் கணக்கேடு வைக்க அந்த உடன்படிக்கை ஐந்து வருடக் கெடு தந்தது. அந்த ஏட்டுக்குள் போக வேண்டிய எண்கள் பிறக்கும் இடம் ஆலையின் படிவம்தான். அங்கே பாதரசத்துக்குக் கட்டம் இல்லையென்றால் மேலே போடுவது மதிப்பீடாகத்தான் இருக்கும்.

ஆலத்தூர்ப் பக்கம் குடியிருப்பவர் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. காற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, கன்சென்ட் பெற்றவர்களின் பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்படுகிறவர் அதை வேலை நேரத்தில் வந்து பார்க்கலாம். மறைமலைநகரில் உள்ள வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். அதில் இருப்பது ஆலைக்கு வைத்த வரம்பு. ஆலை உண்மையில் எவ்வளவு விட்டது என்று எழுதியிருக்கும் படிவம் ஐந்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆலையின் பெயரைக் குறிப்பிட்டு, ‘சி’ பகுதியை மூன்று நிதியாண்டுகளுக்குச் சேர்த்துக் கேளுங்கள். மூன்று வருடமும் ஒரே எண் வந்திருந்தால், அளந்த ஆய்வகத்தின் ரிப்போர்ட் நகலையும் அடுத்த மனுவில் கேளுங்கள்.