வேட்டை பூட்ஸும் விஷவாயு முகமூடியும்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர் பூட்ஸ் நாற்றத்துக்குப் பயப்படுவது, நம்மைப் போல வீட்டு வாசலில் கழற்றும்போது மானம் போகுமே என்று இல்லை. மான் போய்விடுமே என்றுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனா நடந்து வந்த பாதையில் கால் பட்ட இடமெல்லாம் வாசனை தங்கிவிடும். மணிக்கணக்கு கழித்து அந்த வழியைக் கடக்கிற மான், தரையை முகர்ந்துவிட்டு வந்த வழியே திரும்பினால் அன்றைய வேட்டை அவ்வளவுதான். அதனால் அங்கே பூட்ஸ் நாற்றம் போக்குவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பேக்கிங் சோடா, கரித்தூள், ஸ்ப்ரே என்று ஏகப்பட்ட வைத்தியம். எனக்கு இதில் ஆர்வம் வந்தது கரியால்தான். அது பூட்ஸுக்குள் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

முதலில் பூட்ஸ். பழைய வேட்டைக்காரர்கள் போட்டது தோல். தோலில் வியர்வை கொஞ்சம் வெளியேறும், ஆனா தண்ணீரும் உள்ளே வரும். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை வாங்கினார். ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் அந்த உரிமையைப் பெற்று, 1853இல் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல்.எல். பீன் என்பவர், வேட்டைக்குப் போய் ஈரக்காலோடு திரும்பிய எரிச்சலில், 1911இல் அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல் என்று ஒரு பூட்ஸைத் தைக்கச் சொன்னார். அடுத்த வருஷம் தபாலில் விற்ற முதல் 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன. தையல் ரப்பரைக் கிழித்துவிட்டதாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, திருத்திச் செய்து மறுபடி விற்றார். அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது.

ரப்பருக்கு வேட்டைக்காரர்கள் கொண்டாடுகிற இன்னொரு குணமும் உண்டு. தோல், துணி போல அது கால் வாசனையை எளிதில் வெளியே விடாது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டால் தரையில் வாசனை குறைவாகத்தான் படியும். ஆனா வெளியே விடாத வாசனை எங்கே போகும்? உள்ளேயேதான் இருக்கும், வியர்வையும் கூடவே. வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியா, வியர்வையில் இருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலெரிக் அமிலம் ஆக்கும்போதுதான் அந்தப் புளித்த பாலாடைக்கட்டி வாசம் வருகிறது. சூடும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். அதாவது, வாசனையை அடைப்பதற்காகப் போட்ட ரப்பர்தான் வாசனை தயாராகும் பானையும்.

பேக்கிங் சோடா வேலை செய்வது இதனால்தான். அது காரம், அது அமிலம். ரெண்டும் சேர்ந்தால் உப்பு. உப்பு ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு வராது. ராத்திரி தூவிவிட்டுக் காலையில் தட்டினால் போதும். ஆனா பூட்ஸ் காயாமல் இருந்தால் மறுநாளே பாக்டீரியா புதுசாகச் செய்துவிடும்.

இனி கரி. 1785இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்ற மருந்தாளர், அழுக்கு நிறமான கரைசலை மரக்கரி தெளிவாக்குவதைக் கண்டார். 1850களில் ஜான் ஸ்டென்ஹவுஸ் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், இறந்த விலங்குகளின் உடலைக் கரித்தூளால் மூடிவைத்து நாற்றம் வெளிவராததைக் காட்டினார். 1854இல் கரி வைத்த சுவாச முகமூடியும் செய்தார்.

பிறகு 1915 ஏப்ரல், பெல்ஜியத்தின் ஈப்ர். ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவை அவிழ்த்துவிட்டார்கள். அதே வருஷம் ரஷ்யாவில் நிக்கலாய் ஜெலின்ஸ்கி கிளர்வூட்டிய கரியை வைத்து வாயு முகமூடி செய்தார். கிளர்வூட்டுவது என்றால், கரியை நுண்ணிய துளைகள் நிரம்பியதாக ஆக்குவது. ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு, நம்ம கணக்கில் கால் ஏக்கர். வாயு மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். இதற்குச் சிறந்த கரி தேங்காய்ச் சிரட்டையில்தான் கிடைத்தது. அமெரிக்காவில் தென்னை போதாது. 1918இல் அரசாங்கம் மக்களிடம் பீச் பழக் கொட்டைகளையும் வாதுமைத் தோடுகளையும் சேகரித்துத் தரச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகள் கொட்டை பொறுக்கினார்கள். சிரட்டைக் கரித் தொழில் இன்றும் இலங்கையிலும் நம்ம கொங்குப் பக்கமும் நடக்கிறது.

அந்த முகமூடிக் கரிதான் 1970களில் ஷூவுக்குள் வைக்கும் உள்ளங்கால் அட்டைக்கும், 1990களில் வேட்டை உடைக்கும் வந்தது. அங்கேதான் ஒரு சண்டை. கரியின் துளைகள் நிரம்பினால் வேலை நின்றுவிடும், டிஸ்க் ஃபுல் ஆனது மாதிரி. உடை விற்றவர்கள், வீட்டுத் துணி உலர்த்தும் மெஷினில் போட்டால் கரி மறுபடி புதுசாகும் என்றார்கள். தொழிற்சாலைகளில் இதை 800 டிகிரி அளவுச் சூட்டில் செய்கிறார்கள். வீட்டு மெஷின் 70 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். 2007இல் மினசோட்டாவில் சில வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் ஃபெடரல் நீதிபதி, ‘நாற்றத்தை ஒழிக்கும்’ என்ற விளம்பரம் பொய் என்றார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. கரி கொஞ்சம் நாற்றத்தைப் பிடிக்கும் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை ‘ஒழிக்கும்’ என்ற வார்த்தையில்தான். என் கட்சி வேட்டைக்காரர்கள் கட்சி. கொஞ்சம் குறைப்பதற்கும் ஒழிப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்தான் அந்தக் காசைக் கொடுத்திருக்கிறார்.

பழகிய வேட்டைக்காரர்கள் செய்வது இதைவிட மலிவு. உள் அட்டையைக் கழற்றித் தனியாகக் காயவைப்பார்கள். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றுவார்கள். புது ரப்பருக்கே ஒரு மணம் உண்டு என்பதால் சீசனுக்குப் பல வாரம் முன்பே வாங்கி வெளியே காற்றில் விடுவார்கள். அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்கில் இறங்க மாட்டார்கள். காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திய பிறகுதான் மாட்டுவார்கள்.