வட்டமும் அறுகோணமும்

1974 மார்ச்சில் பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் முதலாம் முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு பெர்லினில் டேகல் விமான நிலையத்தின் முனையம். பாரிஸ் வேலையைக் கையில் எடுத்தபோது கட்டடக் கலைஞர் பால் ஆந்த்ரூவுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. டேகலுக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற மைன்ஹார்ட் ஃபான் கெர்கானும் ஃபோல்க்வின் மார்கும் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தார்கள். இரு தரப்பும் நீண்ட மண்டபத்தை விட்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்தன: பாரிசில் வட்டம், டேகலில் அறுகோணம். வளையத்துக்கு நடுவில் எதை வைப்பது என்பதில்தான் பாதை பிரிந்தது.

டேகல் நடுவில் காரை வைத்தது. அறுகோணத்தின் உள்முற்றத்துக்கே சாலை வந்துவிடும். வெளிப்புறத்தில் விமானங்கள் ஒட்டி நிற்கும். ஒவ்வொரு வாயிலுக்கும் தனி செக்-இன் மேசை, தனிச் சோதனை. டாக்சியை விட்டு இறங்கினால் முப்பது மீட்டர் அளவு நடையில் விமானம். முதியவர்களோடும் குழந்தைகளோடும் பயணம் செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பாரிஸ் நடுவில் வெற்றிடத்தை வைத்தது. திறந்த அந்த வெளியில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் குழாய்களுக்குள் எஸ்கலேட்டர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. புறப்பாடு கீழே, வருகை மேலே, வழக்கத்துக்கு நேர்மாறு. விமானங்கள் வட்டத்தைத் தொடுவதே இல்லை. சுற்றிலும் உள்ள ஏழு துணைக் கட்டடங்களில் அவை நிற்க, பயணி சுரங்கப்பாதையில் நகரும் தளத்தில் ஏறிப் போய்ச் சேர வேண்டும். பார்க்க அபாரம்தான். அவசரத்தில் ஓடுபவருக்கு, தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்றே தெரியாது. பயணியின் கால்வலியைப் பற்றி யோசித்தவர்கள் டேகல்காரர்கள்தான் என்பேன்.

ஆனால் மூடிய வடிவம் வளராது. ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்குத் திட்டமிட்ட டேகல், 2019-இல் 2 கோடியே 40 லட்சம் பேரைச் சமாளித்தது. இரண்டாவது அறுகோணம் கட்டப்படவேயில்லை. ஓரமாகக் கொட்டகை மாதிரிக் கட்டடங்கள்தான் முளைத்தன. பாரிசிலும் ஒன்றுபோல் பல வட்டங்கள் என்ற திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாம் முனையத்தை அதே ஆந்த்ரூ நீளவாக்கில் வளரும்படி வரைந்தார்.

விமானக் கடத்தல்களுக்குப் பிறகு சோதனைகள் பெருகியபோது டேகலின் சிறப்பே அதற்கு வினையானது. வாயிலுக்கு வாயில் தனிக் கருவி, தனி ஆட்கள். சாலைக்கும் விமானத்துக்கும் இடையே அந்தச் சொற்ப அகலத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருந்தது. விமானம் மாறுபவர்களுக்கு அங்கே வசதி என்று எதுவும் இருக்கவில்லை. பாரிசில் மாற்றங்களை வட்டத்துக்கு வெளியே செய்ய முடிந்தது: மூன்று துணைக் கட்டடங்களை இணைத்த புதுக் கட்டடம் 2022-இல் திறந்தபோது நடு வெளி அப்படியே இருந்தது. பயணியைச் சுற்றவைத்த அதே இடைவெளிதான் பிற்காலத்தில் கட்டடத்துக்கு உயிர் கொடுத்தது.

பெர்லின் எல்லா விமானங்களையும் புதிய நிலையம் ஒன்றுக்கு மாற்றியதால், 2020 நவம்பர் 8 அன்று டேகல் மூடப்பட்டது. கடைசியாகக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் விமானம் சார்ல் து கோலுக்குத்தான் போனது. அங்கேயும் வட்டத்துக்கு அல்ல, இரண்டாம் முனையத்துக்கு.