அரைப்பங்கும் காற்பங்கும்

கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடைப்பட்ட உடப்பு நெல் விளையும் மண்ணன்று. ஆங்குக் கரைவலை இழுப்போர் பிடிபாட்டிற் பங்கு பெறுவது மரபு. வலை சம்மாட்டியினது, உழைப்பு ஏனையோரது. ஈழத்து வயல்களிலும் இம்முறையே நிலவிற்று. நிலமற்ற குடியானவன் பிறர் வயலை உழுது, விளைவிற் பாதியை உடையவனுக்கு அளந்தான். சிங்களவர் இதனை 'அந்தே' என்பர். தனக்குரிய பாதியேனும் முழுமையாக அவன் வீடு சேர்ந்ததா? விதைநெற் கடனும் அதன் வட்டியும் களத்திலேயே கழிந்தன. களையெடுப்பிலும் கதிரறுப்பிலும் வருந்திய பெண்டிர், சிறுவர் உழைப்புக்கோ தனிக்கணக்கே இல்லை. இவற்றினுங் கொடியது, எழுத்திலான உடன்படிக்கை இன்மை. நிலவுடைமையாளர் மனம் மாறின், அடுத்த போகத்தில் அவ்வயலில் வேறொருவன் ஏர் பூட்டுவான்.

1956 இல் அமைந்த அரசின் விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், வாரத்தைக் காற்பங்குக்கு மேற்படாது வரையறுத்தது. குடியானவனின் பயிரிடும் உரிமையை நிலையானதாகவும் மக்கட்கு வழிவழிச் செல்வதாகவும் ஆக்கிற்று. நோக்கம் நன்றே. எனினும் உடைமையாளர் பலர் குடியானவரை வெளியேற்றினர். சிலரைக் கூலியாள் எனக் காட்டினர். எஞ்சியோருள்ளும் பலர், வயலை இழப்போம் என்னும் அச்சத்தால், சட்டம் காற்பங்கு என விதித்த பின்னரும் முன்போலப் பாதியையே அளந்து வந்தனர்.