பளபளப்பு போய் மங்கல் வந்த கதை

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. அக்கா மகளின் பையன் பழைய கார் ஒன்று வாங்கினான். வெள்ளை வண்டி, நன்றாக மின்னுகிறது. அதை 'மேட்' ஆக்கப் போகிறேன் என்று எழுதினான். மேட் என்றால் பளபளப்பே இல்லாமல், கரும்பலகை மாதிரி மங்கலாக இருப்பது. அதுவும் பெயின்ட் அடித்து இல்லையாம். ரப்பரைத் தெளிப்பார்களாம். பிடிக்கவில்லை என்றால் தோலை உரிக்கிற மாதிரி உரித்து எடுத்துவிடலாமாம்.

அவன் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு கொடுத்து எவனாவது வண்டிய மங்க வெப்பானா? எங்க காலத்துல பாலிஷ் போட்டுப் போட்டுக் கை தேஞ்சு போச்சு" என்று குரல் பதிவு அனுப்பினார். கடைசியில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. டீச்சர் என்றால் எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிறார்கள்! எனக்குப் பெயின்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவன் இருக்கிறான், என்னிடம் படித்தவன். அவனிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை முதலில் சொல்கிறேன்.

மோட்டார் கார் வந்த புதிதில் அதற்கென்று தனிப் பெயின்ட் கிடையாது. குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே பிரஷ்ஷால் பூசினார்கள். ஒரு பூச்சு காய வேண்டும், கல்லால் தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். பளபளப்பு என்பது அத்தனை பேருடைய கூலி. அதனால் மின்னும் வண்டியில் போகிறவர் பணக்காரர் என்று பார்த்தவுடனே தெரியும்.

ஹென்றி ஃபோர்டு 1908-ல் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். வண்டிகள் ஓடும் வரிசையில் மளமளவென்று தயாராகின்றன, பெயின்ட் மட்டும் காயமாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் நிலக்கீல் கலந்த கறுப்பு எனாமலைப் பூசிச் சூளையில் வைத்துச் சுட்டார்கள். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது டூபான்ட் கம்பெனியின் 'டூக்கோ'. நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. வெடிமருந்துக்கும் பழைய சினிமா ஃபிலிமுக்கும் அதுதான் மூலப்பொருள். 1924-ம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்ட் என்ற அமெரிக்கக் காரில் நீல நிறத்தில் இதை அடித்தார்கள். வாரக்கணக்கில் காய்ந்த பெயின்ட் மணிக்கணக்கில் காய்ந்தது. பல நிறங்களும் வந்தன. நம் ஊர் ஆசாரிகள் இன்றும் மர பீரோவுக்கு 'டூக்கோ அடிக்கணும்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்தது. கரூர் பஸ் பாடி பட்டறைகளில் பெயின்டர்கள் சொல்லும் 'என்.சி. பெயின்ட்' என்பதும் இந்த நைட்ரோசெல்லுலோஸ்தான்.

இதில் ஒரு சிக்கல். டூக்கோ வேகமாகக் காய்கிறதால் பிரஷ்ஷால் பூச முடியாது, பூசும்போதே திட்டுத்திட்டாக நின்றுவிடும். தெளிக்கத்தான் வேண்டும். தெளிக்கும் கருவி அதற்குள் தயாராக இருந்தது. அமெரிக்காவில் டொலீடோ என்ற ஊரில் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு டாக்டர். தொண்டை, மூக்கு நோயாளிகளுக்கு மருந்தை உள்ளே செலுத்துவதற்கு 1880-களில் ஒரு தெளிப்பான் செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தை வைத்து 1907-ல் பெயின்ட் தெளிக்கும் கன் செய்தார். தொண்டைக்கு மருந்து அனுப்பச் செய்த கருவியின் வாரிசு, பின்னாளில் எத்தனையோ பெயின்டர்களின் தொண்டைக்குள் பெயின்டை அனுப்பியது. இதைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கன்னுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். அது இல்லாமலே தெளிக்கும் டப்பா 1949-ல் வந்தது. எட்வர்ட் சீமோர் என்பவர் அலுமினியப் பெயின்ட் விற்றுக்கொண்டிருந்தார். வாசனை மருந்து மாதிரி இதையும் டப்பாவில் அடைத்துத் தெளித்தால் என்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி போனி. பெயர் என்னவோ கணவருக்குத்தான்!

இனி ரப்பர் கதை. 1823-ல் கிளாஸ்கோ நகரத்தில் சார்லஸ் மகிந்தாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்தார். அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி மழைக்கோட்டு செய்தார். ரப்பரைக் கரைத்துப் பூசினால், கரைப்பான் ஆவியாகிப் போய் ரப்பர் படலம் மட்டும் தங்கும். இருநூறு வருடம் கழித்து காரில் நடப்பதும் இதேதான். மரத்துப் பாலுக்குப் பதில் இப்போது செயற்கை ரப்பர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒட்டவும் வேண்டும், கேட்டபோது உரியவும் வேண்டும் என்ற தேவை போரில் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படையிடம் ஏராளமான கப்பல்கள் வேலையில்லாமல் நின்றன. துருப்பிடிக்காமல் இருக்க பீரங்கிகளின் மேல் பிளாஸ்டிக் கரைசலைத் தெளித்து, பட்டுப்புழுக் கூடு மாதிரி மூடிவைத்தார்கள். 1950-ல் கொரியப் போர் வந்தபோது பல கப்பல்களில் அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் ஓட்டினார்கள்.

கடைகளுக்கு இது வந்தது 1970-களில். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 'பிளாஸ்டி டிப்' என்ற கம்பெனி, கட்டிங் பிளேயர் கைப்பிடியை முக்கி எடுப்பதற்கு டப்பாவில் ரப்பர் கரைசல் விற்றது. பிடி வழுக்காது. பிறகு அதுவே ஸ்ப்ரே டப்பாவாகவும் வந்தது. 2010-ஐ ஒட்டி அங்குள்ள இளைஞர்கள் அதைக் கார் சக்கரத்தில் அடித்துப் பார்த்தார்கள், பிறகு முழு வண்டிக்கும் அடித்தார்கள். வீடியோக்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

சரி, மங்கலுக்கு ஏன் இந்த மவுசு? எட்டாம் வகுப்புப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வழவழப்பான பரப்பில் ஒழுங்கான எதிரொளிப்பு, சொரசொரப்பான பரப்பில் ஒழுங்கற்ற எதிரொளிப்பு. வெளிச்சம் நாலாபக்கமும் சிதறினால் பரப்பு மங்கலாகத் தெரியும். எதிரி கண்ணில் மின்னக்கூடாது என்று ராணுவ வண்டிகளுக்கும் போர் விமானங்களுக்கும் இப்படித்தான் பூசினார்கள். 2007-ல் இத்தாலியின் லம்போர்கினி கம்பெனி, போர் விமானத்தைப் பார்த்து வடிவமைத்த 'ரெவென்டோன்' காரை மங்கலான சாம்பல் நிறத்தில் காட்டியது. விலை பத்து லட்சம் யூரோ, விற்பனைக்குச் செய்தது 20 கார்கள். அதற்குள் சாதாரண வண்டிகள் எல்லாமே பளபளப்பாகிவிட்டன. எல்லாரிடமும் இருப்பது பணக்காரனுக்குப் பிடிக்காது இல்லையா! மினுக்கம் மலிவானதும் மங்கல் விலை ஏறியது.

கம்பெனியில் அடித்த மேட் பெயின்டைப் பராமரிப்பதும் செலவு. கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் மின்னும். அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். உரிக்கக்கூடிய ரப்பர் வந்ததும் நடுத்தர வீட்டுப் பையனும் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வழி கிடைத்தது. தாத்தாவின் கேள்விக்கு இதுதான் என் பதில்.

இப்போது என் மாணவனிடம் வருகிறேன். பெயர் வேண்டாம், அவனே விரும்ப மாட்டான். அவன் அப்பா கரூரில் பஸ் பாடி பட்டறையில் பெயின்டர். பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் தேய்ப்பது, கன் அடிப்பது எல்லாம் அவர்தான். இவன் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தான். கணக்கு வராது. ஒருநாள் கோபத்தில் வகுப்பு முழுவதும் கேட்க, "படிக்கலைன்னா நீயும் உங்கப்பா மாதிரி பெயின்ட் டப்பா தூக்கத்தான் போற" என்று சொல்லிவிட்டேன். அந்த வகுப்பில் இருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம்.

இன்றைக்கு அவனுக்குச் சொந்த ஷெட், நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பேரனை அழைத்துக்கொண்டு போனேன். "ராணுவப் பச்சை வேணும்ணா" என்று இவன் ஆரம்பித்தான். "அந்தக் கலர் ராணுவத்துக்கு மட்டுந்தாங்க தம்பி, மத்தவங்க அடிக்கக் கூடாதுன்னு மோட்டார் வாகன விதியிலயே இருக்கு" என்றான். சாம்பல் நிறம் என்று முடிவானது. ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லித்தான் ஆக வேண்டும், உரித்துக்கொள்ளலாம் என்பதற்காக அதை விடக்கூடாது என்றும் சொன்னான்.

பிறகு பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கம்பெனிப் பெயின்ட் இல்லீங்க டீச்சர். யாரோ வெளிய அடிச்சிருக்காங்க. இதுமேல ரப்பர் போட்டு நாளைக்கு உரிச்சா அடிப் பெயின்ட்டும் சேந்து வந்துரும். முதல்ல இதச் சரி பண்ணி, நல்லா காயவிட்டுத்தான் செய்யணும்" என்றான். காசு வரும் வேலையைத் தள்ளிப்போட்டான்.

மூன்று வாரம் கழித்து வேலை நடந்தது. வண்டியைக் கழுவி, மெழுகு எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாமல் துடைத்தார்கள். கண்ணாடி, விளக்கு எல்லாவற்றுக்கும் டேப்பும் பேப்பரும். முதல் பூச்சு புகை மாதிரி லேசாக, வெள்ளை தெரியும்படி. ஒவ்வொன்றும் காயக் காய அடுத்தடுத்து ஐந்தாறு பூச்சு. "காசு மிச்சம்னு மெல்லிசா அடிச்சா, உரிக்கும்போது துணுக்குத் துணுக்கா வரும். கெட்டியா இருந்தாத்தான் போர்வை மாதிரி முழுசா வரும்" என்றான். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்தார்கள், இல்லாவிட்டால் ஓரம் கிழியும். பெட்ரோல் போடும்போது சிந்தினால் ரப்பர் கரையும், உடனே துடைக்க வேண்டும். வருடக்கணக்கில் வெயிலில் நின்று வறண்டுபோனால் உரிப்பதும் கஷ்டம்.

கன்னை எடுக்கும் முன் நான்கு பேரும் கரி வடிகட்டி வைத்த முகமூடி போட்டார்கள். வேடிக்கை பார்க்க நின்ற பேரனை வெளியே அனுப்பினான். "உரியற ரப்பர்தானேன்னு நெனைக்காதீங்க டீச்சர். இதுலயும் நாப்தா, டொலுயீன் எல்லாம் இருக்கு. கடினக்காரி கலந்து அடிக்கிற பெயின்ட் இன்னும் மோசம், மூச்சுக்குழாயையே கெடுத்துரும். துணி கட்டினா ஆவி நிக்காது. எங்கப்பா துணியத்தான் கட்டிக்குவாரு."

அவன் அப்பா கடைசிக் காலத்தில் படியேற முடியாமல் இளைப்பார். இறந்து ஒன்பது வருடமாகிறது. அந்த மனிதர் அடித்த பஸ்ஸில்தான் நான் பல வருடம் பள்ளிக்கூடம் போயிருப்பேன். அந்த வேலையைத்தான் ஒரு குழந்தையிடம் தண்டனை மாதிரிச் சொன்னேன்.

அன்றைக்கு ஷெட்டில் வைத்தே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறந்திருப்பான் என்று நினைத்தேன். மறக்கவில்லை. "அன்னைக்கு வீட்ல போய் அப்பாகிட்ட சொன்னேன். டீச்சர் சொல்றது சரிதான்டா, நல்லாப் படின்னாரு" என்றான். அப்புறம் பையனைக் கூப்பிட்டு எனக்குச் சர்க்கரை இல்லாமல் டீ வாங்கிவரச் சொன்னான்.

வண்டி இப்போது யானைத்தோல் நிறத்தில் நிற்கிறது. தாத்தா ஒரு சுற்று சுற்றி வந்து, நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துப் பேரனிடம் திட்டு வாங்கினார்.

பெயின்ட், பாலிஷ் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல முகமூடி வாங்குங்கள், வேலையாட்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள், எந்தப் பிள்ளையின் அப்பா செய்யும் தொழிலையும் வகுப்பில் இழிவாகச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் பட்டறை வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்