கடலூரில் ஆபத்து கரையோரம்தான்

சிம்புதேவனின் ‘போட்’ (2024) படம், 1943இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து சென்னையிலிருந்து படகேறியவர்களை நடுக்கடலில் தவிக்கவிடுகிறது. இவ்வகைக் கதைகளில் கரை கண்ணுக்கு மறைந்ததும் பயம் தொடங்கும், கரை தெரிந்ததும் மூச்சு வரும். கடலூர்க் கரையின் பழைய கணக்கைப் புரட்டினால் விஷயம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. இங்கே உயிர்களைக் காவுகொண்டது கரையோரக் கடல். விவரமறிந்த மாலுமி புயல் வாசம் பட்டதும் கரையைவிட்டு ஓடத்தான் பார்த்தான்.

காரணம் நிலத்தின் அமைப்பு. சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கடிலமும் உப்பனாறும் கலக்கும் முகத்துவாரத்தில் படகுதான் நுழையும். பெரிய கப்பல் வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; சரக்கைப் படகில் ஏற்றி இறக்குவார்கள். கிழக்கிலிருந்து புயல் அடித்தால் நங்கூரம் இழுபடும், பின்னால் மணல் காத்திருக்கும். அதனால்தான் கிழக்கிந்தியக் கும்பினி காலத்தில் அக்டோபர் நடுவில் சென்னைக் கோட்டைக் கொடியை இறக்கி, கப்பல்களை விலகிப் போகச் சொன்னார்கள். ஆனால் 1749 ஏப்ரலில், பருவம் தப்பி வந்த புயலுக்குக் கொடியும் உதவவில்லை, நாட்காட்டியும் உதவவில்லை. கடலூர்த் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையருகே ஆங்கில அட்மிரல் போஸ்கவனின் கொடிக்கப்பல் ‘நாமூர்’ சுமார் 520 பேருடன் மூழ்கியது. ‘பெம்புரோக்’ கப்பலில் மாண்டவர்கள் சுமார் 330. போஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார். தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கிளம்பியிருந்த ஆங்கிலப் படையையும் அதே புயல் வழியில் அலைக்கழித்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1761 புத்தாண்டையொட்டிப் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் இதே சோதனையில் மாட்டின. தளபதி ஸ்டீவன்ஸ் ‘நார்ஃபோக்’கின் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடித் தப்பினார். பிந்தியவற்றில் ‘டியூக் தக்கித்தேன்’, ‘சண்டர்லாண்ட்’ முதலியவை ஏறக்குறைய 1,100 பேருடன் மூழ்கின. ஆனால் கரையில் மோதிய ‘நியூகாசில்’ முதலான மூன்று கப்பல்களின் ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரை சில சமயம் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மணலில் ஏறுவதா, அலையில் கவிழ்வதா என்பதை அங்கே மாலுமி தீர்மானிக்கவில்லை. அவன் கையிலிருந்த முடிவு ஒன்றே, நேரத்தோடு கிளம்புவது.

இதைவிடக் கனமான மறுப்பு 2017இன் ஒக்கி புயல். கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில்தான் மடிந்தார்கள். உண்மை. ஆனால் பல நாள் தங்கல் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேராததும் அதில் பாதிக் கதை. ஆழத்துக்குப் போனால் போதும் என்று நான் சொல்லவில்லை. போகவும் திரும்பவும் வேளை தெரிய வேண்டும் என்கிறேன். கரையின் ஆபத்து புயலோடு முடிவதுமில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. படகில் இருந்தவர்களுக்கு அது கடந்துபோனதே உறைக்காது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பத்தில் மாண்டவர்கள் கரையில் இருந்தவர்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம்.

இந்தக் கரையில்தான், கடலூர்–சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே, 1980களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை ரசாயன ஆலைகளோடு நிற்கிறது. உப்பனாறும் கரைக்கடலும் கெட்டு மீன் குறைந்துவிட்டது என்பது மீனவர்களின் நெடுநாள் புகார். அப்படியானால் படகு இன்னும் தூரம் போயாக வேண்டும். ஆலைகளோ கரையிலேயே நின்று புயலைச் சந்திக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையேதான் கரை கடந்தது. கப்பல் நங்கூரத்தை வெட்டிக்கொண்டு போய்விடும், ரசாயனத் தொட்டி போகாது. ஆகவே புயல் எச்சரிக்கை வரும்போது படகுகளைத் திரும்ப அழைப்பதோடு நிறுத்தாமல், எந்த ஆலை எப்போது உற்பத்தியை நிறுத்த வேண்டும், சிப்காட்டை ஒட்டிய குடிகாடு ஊர் மக்கள் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதையும் மாவட்ட நிர்வாகம் ஊரறிய முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.